ஈரம் ஏழு

சாயங்காலம் ஆறரைக்கு
என் கைப்பேசிக்கு லண்டன் வரும்.
கோட்டூர் ரோட்டுக் கொட்டகையில்
தராசுத் தட்டு அதற்குச் சற்று முன்பே
லேசாக ஆடுவதுபோல் இருக்கும் எனக்கு.
காற்றாகவும் இருக்கலாம்.
பாலக்காட்டுக் கணவாய்க்கு ஏது நேரங்காலம்.

நான் வாங்குகிறவள்,
விலை வைக்கிறவள் இல்லை.
இதை அட்டையில் எழுதி மாட்டிவிடேன் என்று
வஞ்சியப்பண்ணனே ஒருநாள் சொன்னார்.

ஈரமானியைக் கொட்டைக்குள் செருகுவேன்.
ஏழு என்றால் எடுப்பேன்.
ஒன்பது என்றால்
"இன்னொரு வெய்யில் காட்டிக் கொண்டாங்க்கா."
"உனக்கு ஈரமே ஆகாதா அம்மிணி" என்பார்
தெய்வாத்தாக்கா, சாக்கின் வாயைச் சுருட்டியபடி.

முந்தின வருச மாசியில்
கிலோ ஆயிரத்தைத் தொட்டது.
கானாவில் மழை தப்பிப் பெய்ததாம்,
ஐவரி கோஸ்ட்டில் தண்டு வீங்குகிற நோயாம்.
பள்ளிக்கூட வரைபடத்தில்
யாரும் கை வைத்திராத ஓர் இடத்தில்
வேட்டைக்காரன்புதூரே விரல் வைத்துப் பார்த்தது.
"இன்னொரு வருசம் அங்க இப்படியே போகட்டுஞ் சாமி"
என்று சொன்ன வாய் எதுவென்று எனக்குத் தெரியும்.
மூட்டைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே
நானும் சிரித்தேன்.

அந்த வருசம்
அணிலுக்கு வலை கட்டினார்கள்.
காய் களவு போகுமென்று
வாய்க்கால் மேட்டில் கட்டில் போட்டுப் படுத்தார்கள்.
விலையில்லையென்று எப்போதோ
ஜேசிபி விட்டுக் கோகோவைப் பிடுங்கிய சென்னியப்பன்
தூர்ந்துபோன குழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
பிறகு நகையை வைத்து
எண்ணூறு நாற்று நட்டார்.

நாற்று காய்க்க மூன்று வருசம்.
விலை விழ அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

பொள்ளாச்சி பேக்கரியில் மட்டும்
ஏறிய சாக்லேட் ஏறியபடியே இருக்கிறது.
உறை பழைய நீளம்தான்,
உள்ளே ஒரு கட்டைவிரல் அளவுக்குக் காற்று.
பின்பக்கப் பொடி எழுத்தில் பாமாயில்.
சின்னவன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு
"மெழுகுவத்தியாட்டம் இருக்குதும்மா" என்றான்.
மீதியையும் தின்றான், அது வேறு.

நேற்று அமாவாசை.
ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில்
நீதிக்கல்லுக்குப் போகிற வரிசையில்
எனக்கு முன்னால் சென்னியப்பன்.
மிளகாயைக் கல்லில் போட்டு, தண்ணீர் தெளித்து,
குழவியைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யார் பேரச் சொல்லி அரைக்கறது அம்மிணி?"

லண்டன் என்றால் அது ஊர்.
கம்பெனி என்றால் அது பலகை.
கானாக்காரன் பேரைச் சொல்லலாமென்றால்
அவனும் இந்நேரம்
எவளோ ஒருத்தியின் ஈரமானிக்கு முன்னால்
சாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பான்.
மழை திரும்பி வந்தது அவன் செய்த களவா?

இன்னும் ஒரு பேர் பாக்கியிருந்தது.
அவர் வீட்டில் இருக்கிற ரசீதிலெல்லாம்
அடியில் நீலமசியில் இருக்கிற பேர்.
அவர் அதைச் சொல்லவில்லை.
நான் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரில்லாமலே அரைத்தார்.
பின்னால் நின்றவர்கள் இருமினார்கள்.

இன்று கொட்டகையைச் சீக்கிரமே பூட்டினேன்.
தெய்வாத்தாக்கா தோட்டத்தில்
வெள்ளை ஈ தின்று கருத்த தென்னைகளுக்குக் கீழே
புத்னி காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.
ஜார்க்கண்டில் எந்த ஊர் என்று
இரண்டு முறை சொல்லியும் எனக்கு நிற்கவில்லை.
ஸ்கூட்டர் பெட்டிக்குள் கைப்பேசி அதிர்ந்தது,
ஆறரை.
எடுக்கவில்லை.

மஞ்சள் ஓட்டைத் தடியால் ஒரு தட்டு,
உள்ளே வரிசையாய் வெள்ளைச் சுளைகள்.
ஒன்றை எனக்கு நீட்டினாள், ஒன்றை வாயில் போட்டாள்.
சீத்தாவும் எலுமிச்சையும் சேர்ந்தாற்போல் ஒரு இனிப்பு,
மூட்டை கட்டி யாரும் விற்காத இனிப்பு.
சதையைச் சப்பி முடித்து
கொட்டையை மட்டும் கணக்காக
வாளிக்குள் துப்பினாள்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்,
நான் யாரென்று நினைவு வந்திருக்கும்.

நானும் வாளிப் பக்கம் குனிந்து
துப்பினேன்.